கையால் எழுதிய எச்டிஎம்எல் பக்கங்களுக்கு மீத்தரவு: ஹெட் பகுதியில் எதை எழுதுவது, எதை விடுவது?

இதழடுக்கு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நின்றுபோன ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் தளமொன்றை இப்போது நான் பராமரித்து வருகிறேன். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு கதைக்கும் கட்டுரைக்கும் தனித்தனி எச்டிஎம்எல் கோப்பு. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் கையால் எழுதியவை. பக்கங்களின் உடல் பகுதி ஒழுங்காகவே இருக்கிறது. பக்கத்தைப் பற்றிய விவரங்களை, அதாவது மீத்தரவை, உலாவிக்கும் தேடுபொறிக்கும் எழுதி வைக்கும் ஹெட் பகுதிதான் ஆளுக்கொரு விதமாகக் கிடக்கிறது.

பெரும்பாலான கோப்புகளில் உள்ள வரிசை இதுதான். முதலில் டைட்டில், எல்லாப் பக்கங்களிலும் தளத்தின் பெயர் மட்டுமே. அடுத்து டிஸ்கிரிப்ஷன் என்ற மெட்டா வரி. அதன்பின் கீவேர்ட்ஸ் என்ற மெட்டா வரி. அதில் ‘சிறுகதை, தமிழ்ச் சிறுகதை, சிறந்த சிறுகதை’ என்று ஏறத்தாழ அறுபது சொற்கள். அதற்குக் கீழே வருகையாளர் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு படத்துக்கான நிரல்துண்டு. அதன் பிறகுதான் சார்செட் (எழுத்துக் குறிமுறையைச் சொல்வது), கெனானிகல் (பக்கத்தின் முதன்மை முகவரியைச் சொல்வது), ஓஜி (பகிரும்போது தெரியும் தலைப்பு, படம் முதலியவற்றைச் சொல்வது) என்று தொடங்கும் வரிகள் எல்லாம் வருகின்றன.

இதில் எனக்குப் புலப்படும் தொல்லைகள் சில. வாட்ஸ்அப்பில் ஒரு கதையின் சுட்டியைப் பகிர்ந்தால் படம் வருவதில்லை. எந்தக் கதையானாலும் தளத்தின் பெயர் மட்டும் தெரிகிறது. தேடுபொறி முடிவுகளில் சில பக்கங்களுக்கு நாங்கள் எழுதிய குறிப்பு பாதி வாக்கியத்தில் நிற்கிறது; வேறு சிலவற்றுக்குக் குறிப்புக்குப் பதில் பக்கத்தின் பட்டிச் சொற்கள் (மெனுவில் உள்ளவை) வருகின்றன. தளத்தின் மிகப் பழைய பக்கங்கள் சிலவற்றை எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்துகள் குலைந்தே தெரிகின்றன. மற்றவை என் கணினியில் சரியாக இருந்தாலும், ஒரு வாசகர் தம் செயலியில் திறந்தபோது குலைந்திருந்ததாக எழுதியிருந்தார்.

எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை ஒழுங்கு செய்துவிட எண்ணியுள்ளேன். ஹெட் பகுதியில் எவை கட்டாயம், எவை வீண், எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நிரற்கோல்:

வணக்கம். குறிச்சொற்களின் பெயர்களை உங்களைப் போலவே நானும் ஒலிப்பில் எழுதுகிறேன். கோப்பில் வழக்கம்போல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹெட் பகுதியில் எழுதும் ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு நிரல், படிக்க வேண்டும். படிப்பவர் இல்லாத வரி அங்கே இருக்கத் தேவையில்லை. உலாவி படிப்பவை சில, தேடுபொறி படிப்பவை சில, பகிரும் செயலிகள் படிப்பவை சில. நீங்கள் கொடுத்த வரிசையைப் பார்த்தால், முதலில் படிக்க வேண்டிய உலாவியே தடுமாறும்படி அது அமைந்திருக்கிறது. ஆகவே உலாவியிலிருந்து தொடங்குகிறேன்.

சார்செட் வரி, அதாவது இந்தக் கோப்பு யூடிஎஃப்-8 குறிமுறையில் எழுதப்பட்டது என்ற அறிவிப்பு, கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் முழுமையாக முடிந்திருக்க வேண்டும் என்று எச்டிஎம்எல் தரநிலை கேட்கிறது. ஆங்கிலப் பக்கங்களில் இது பெரிய கட்டுப்பாடே அல்ல. தமிழில் நிலைமை வேறு. ஒருங்குறியின் (யூனிகோட்) தமிழ்ப் பகுதியில் உள்ள ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8 மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, பதினைந்து பைட்டு. 1024 பைட்டில் ஏறத்தாழ 341 தமிழ்க் குறியீடுகளே அடங்கும். உங்கள் டிஸ்கிரிப்ஷனும் அந்த அறுபது கீவேர்ட்ஸ் சொற்களும் சேர்ந்தாலே அந்த எல்லை கடந்துவிடும். பல உலாவிகள் எல்லையைத் தாண்டியும் தேடிக் கண்டுகொள்ளும். எளிமையாக எழுதப்பட்ட செயலிகளிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தது வாசகரின் செயலியில் குலைந்ததற்கு இது போதுமான காரணம்.

குலைந்த எழுத்து எப்படி இருந்தது என்று அந்த வாசகரிடம் படம் கேட்டுப் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட ‘ஏ’ என்ற எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட குறியும் மாறி மாறி வந்திருந்தால், யூடிஎஃப்-8 தமிழை மேற்கு ஐரோப்பியக் குறிமுறை என்று எண்ணிக் காட்டியிருக்கிறது என்று பொருள். தமிழின் ஒவ்வொரு குறியீடும் ஒரே முதல் பைட்டில் தொடங்குவதால்தான் அந்தச் சாய்கோட்டு ‘ஏ’ வரிசைகட்டி நிற்கிறது. சார்செட் வரியை ஹெட்டின் முதல் வரியாக, டைட்டிலுக்கும் மேலே, ஏற்றிவிட்டால் இது தீரும். வழங்கி (சர்வர்) பக்கத்தோடு அனுப்பும் தன் எச்டிடிபி தலைப்பில் வேறு குறிமுறையை அறிவித்தால் மட்டும் தீராது. அந்த அறிவிப்புதான் மெட்டா வரியை வெல்லும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்தக் கணினியில் திறந்தாலும் குலைந்தே தெரியும் மிகப் பழைய பக்கங்கள் வேறு வகையாக இருக்கலாம். ஒருங்குறி பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப், டேம் என்ற 8-பிட் குறிமுறைகளில் பக்கங்கள் எழுதப்பட்டன. அவற்றில் பலவற்றின் சார்செட் ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்’ என்றிருக்கும். அந்த வரியை யூடிஎஃப்-8 என்று திருத்துவதால் பயன் ஏதும் இல்லை. சார்செட் வரி அறிவிக்க மட்டுமே செய்யும், எழுத்தை மாற்றித் தராது. உள்ளே இருக்கும் உரையைக் குறிமாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்த பிறகே அறிவிப்பை மாற்ற வேண்டும்.

அடுத்தது அந்த எண்ணிக்கைப் படம். ஹெட் பகுதிக்குள் டைட்டில், மெட்டா, லிங்க், ஸ்டைல், ஸ்க்ரிப்ட் போன்ற சிலவற்றுக்கே இடம் உண்டு. படமோ, டிவ் பெட்டியோ, வெறும் எழுத்தோ குறுக்கிட்டால் உலாவி பிழை என்று நிறுத்தாது. ஹெட் முடிந்துவிட்டது என்று தானே முடிவு செய்து, அந்த இடத்திலிருந்து உடலைத் திறந்துவிடும். படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியவை எல்லாம், உங்கள் கண்ணுக்கு ஹெட்டில் இருந்தாலும், உலாவியின் கணக்கில் உடலுக்குள் கிடக்கின்றன. கெனானிகல் வரி உடலில் இருந்தால் கூகுள் அதை ஏற்பதில்லை. மூலநிரலைத் திறந்து பார்த்தால் நீங்கள் எழுதியது மட்டும்தான் தெரியும். உலாவி புரிந்துகொண்டதைக் காண, டெவலப்பர் டூல்ஸில் எலிமென்ட்ஸ் பகுதியைத் திறந்து, ஹெட் எங்கே மூடுகிறது என்று பாருங்கள். அந்தப் படத்தை உடலின் கடைசிக்குத் தள்ளுங்கள். (இந்தக் காலத்தில் அது தேவைதானா என்பது உங்கள் விருப்பம்.)

பாதி வாக்கியத்தில் நிற்கும் குறிப்புக்குக் காரணம் பெரும்பாலும் மேற்கோள் குறிதான். டிஸ்கிரிப்ஷன் வரியில் குறிப்பைத் தாங்கும் கான்டென்ட் பண்புக்கூறின் மதிப்பு நேர் இரட்டை மேற்கோளில் தொடங்கி அடுத்த நேர் இரட்டை மேற்கோளில் முடிகிறது. நடுவே கதையின் பெயரை அதே நேர் இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருந்தால், கதையின் பெயர் தொடங்கும் இடத்திலேயே குறிப்பு முடிந்துவிடும். கதைப்பெயர்களுக்கு வளைந்த மேற்கோளைப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்த வளைந்த மேற்கோள் பண்புக்கூறின் எல்லைக்கு ஆகாது. வேர்டு கோப்பிலிருந்து நிரலை வெட்டி ஒட்டும்போது அது வந்து ஒட்டிக்கொண்டால், மதிப்பு முதல் இடைவெளியோடு நின்றுவிடும்.

இறுதியாக, கைபேசித் திரைக்கான வியூபோர்ட் என்ற மெட்டா வரி. அது இல்லாத பக்கத்தைக் கைபேசி உலாவிகள் கணினித் திரைக்கானது என்று எண்ணி, 980 பிக்சல் அகலத்தில் வரைந்து சுருக்கிக் காட்டும். அகலம் சாதனத்தின் அகலம், தொடக்கப் பெரிதாக்கம் 1 என்ற ஒரு வரி போதும். பெரிதாக்குவதைத் தடுக்கும் சொற்களை அதில் சேர்க்க வேண்டாம். கண் மங்கிய வாசகர்கள் உங்கள் இதழுக்கு நிச்சயம் இருப்பார்கள்.

வலைத்தறி:

உலாவியின் பக்கத்தை நண்பர் நிரற்கோல் தெளிவாக விளக்கிவிட்டதால், தேடுபொறியையும் பகிர்வையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில் என்பதுதான் உங்கள் தளத்தின் மிகப் பெரிய குறை. தேடல் முடிவிலும், உலாவியின் தத்தலிலும் (டேப்), புத்தகக்குறியிலும், ஓஜி வரிகள் கிடைக்காதபோது பகிர்விலும் அதுவே தெரிகிறது. கதையின் பெயர் முதலில், எழுத்தாளர் பெயர் அடுத்து, தளத்தின் பெயர் கடைசியில் என்ற வரிசையே நல்லது. இடம் போதாமல் வெட்டினாலும் வெட்டுப்படுவது தளத்தின் பெயராக இருக்கும். டைட்டிலை அப்படியே காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் கூகுளுக்கு இல்லை. பக்கத்தின் பெரிய தலைப்பு, பிற தளங்கள் சுட்டிய சொற்கள் ஆகியவற்றிலிருந்தும் அது தலைப்பை எடுத்துக்கொள்ளும். எல்லாப் பக்கத்திலும் ஒரே டைட்டில் இருக்கும் தளத்தில் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம்.

டிஸ்கிரிப்ஷனும் அவ்வாறே. அது தரவரிசையை உயர்த்தும் கருவி அல்ல. முடிவில் தலைப்புக்குக் கீழே காட்டத்தக்க ஒரு பரிந்துரை. தேடியவரின் சொற்களுக்குப் பக்கத்தின் வேறொரு வரி பொருத்தமாகப் பட்டால் தேடுபொறி அதைக் காட்டும். குறிப்பு இல்லாமலோ எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றாகவோ இருந்தால், தொடக்கத்தில் கண்ட பட்டிச் சொற்களையும் அள்ளிக்கொண்டு வரும். ஆகவே ஒவ்வொரு கதைக்கும் ஓரிரு வாக்கியம் தனியாக எழுதுவதே வழி. ‘இது ஒரு சிறந்த சிறுகதை’ என்று எழுதுவதைவிட, ‘கிணறு வெட்டப் போன மூன்று பேரைப் பற்றிய சிறுகதை, 1978 சித்திரை இதழில் வெளிவந்தது’ என்பது போல எழுதினால் படிப்பவருக்கு ஏதாவது கிடைக்கும். இத்தனை எழுத்து என்ற எல்லை எதையும் கூகுள் விதிக்கவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளும். முக்கியமானதை முன்னால் வையுங்கள்.

எல்லாக் கதைக்கும் கையால் எழுத இயலாது என்று, கதையின் முதல் சில வரிகளை ஒரு நிரல் கொண்டு வெட்டிப் போட எண்ணினால் ஓர் எச்சரிக்கை. பிஎச்பி மொழியின் பழைய சப்ஸ்ட்ரிங் செயற்கூறு பைட்டுகளை எண்ணி வெட்டும். மூன்று பைட்டுத் தமிழ்க் குறியீட்டின் நடுவே கத்தி விழுந்தால் கடைசியில் கேள்விக்குறி போட்ட கருப்புக் கட்டம்தான் மிஞ்சும். குறியீடுகளை எண்ணி வெட்டும் செயற்கூறு அதைத் தவிர்த்தாலும், ‘கொக்கு’ என்பதை ‘கொக்’ என்றோ ‘கொக’ என்றோ நிறுத்திவிடும். இடைவெளி வரும் இடம் பார்த்துச் சொல்லோடு வெட்டுவதே பாதுகாப்பு.

கீவேர்ட்ஸ் வரியை முழுவதும் நீக்கிவிடுங்கள். 1990-களின் இடையில் ஆல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள் அதைப் படித்தன. எல்லாரும் அதில் கண்டதை எழுதி நிரப்பத் தொடங்கியதும் அதன் மதிப்பு போயிற்று. வலைத்தேடலின் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. இதைச் சொன்ன பிறகும், ‘இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தளத்தில் அது சார்செட்டையே 1024 பைட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டிருக்கிறது.

பகிர்வுக்கு ஓப்பன் கிராஃப், அதாவது ஓஜி. 2010-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த இந்த முறையைத்தான் வாட்ஸ்அப் உள்ளிட்ட பெரும்பாலான செயலிகள் இன்று படிக்கின்றன. ஓஜி டைட்டில், ஓஜி டைப், ஓஜி இமேஜ், ஓஜி யூஆர்எல் ஆகிய நான்கும் அடிப்படை. ஓஜி டிஸ்கிரிப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வரிகளில் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, மற்ற மெட்டா வரிகளில் வரும் ‘நேம்’ என்ற பண்புக்கூறு இங்கே இல்லை. ‘ப்ராப்பர்ட்டி’ என்று எழுத வேண்டும். மற்றொன்று, படத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் தொடங்கி முழுமையாக இருக்க வேண்டும். ‘படங்கள்’ கோப்புறை, ‘அட்டை’ என்று தளத்துக்குள் எழுதும் குறுமுகவரி, வெளியிலிருந்து வரும் நிரலுக்கு எதையும் சுட்டாது.

படத்துக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு 1200-க்கு 630 பிக்சல். சிற்றிதழின் அட்டை நெட்டுவாக்கில் இருக்கும். அப்படியே கொடுத்தால் தலையும் காலும் வெட்டுப்பட்டு, இதழின் பெயரே தெரியாமல் போகலாம். ஒரு வண்ணப் பின்னணியின் நடுவில் அட்டையை வைத்து அகலப் படமாக ஆக்கிவிடுங்கள். கோப்பின் எடை சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கட்டும். ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு பின்னர் நுழைக்கும் ஓஜி வரிகளை இந்தச் செயலிகள் பொதுவாகப் படிப்பதில்லை. கையால் எழுதிய கோப்புகளான உங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்பது ஒரு நன்மை. திருத்திய பின்னும் பழைய முன்னோட்டமே வந்தால் பதற வேண்டாம். முன்பு எடுத்ததைச் சேமித்து வைத்திருப்பார்கள். ஃபேஸ்புக்கின் பகிர்வுச் சோதனைக் கருவியில் முகவரியை இட்டு மீண்டும் எடுக்கச் சொல்லலாம். முன்பே அனுப்பிய செய்திகளில் உள்ள முன்னோட்டம் மாறாது.

ஏட்டறை:

நூலகப் பட்டியலாக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. ‘படிப்பவர் இல்லாத வரி வேண்டாம்’ என்பதை ஏற்கிறேன். ஆனால் படிப்பவர் யார் என்ற கணக்கை உலாவி, தேடுபொறி, வாட்ஸ்அப் என்ற மூவரோடு நிறுத்திவிடக் கூடாது. நீங்கள் வைத்திருப்பது கடை அல்ல, ஆவணக் காப்பகம். நாளை ஓர் ஆய்வாளர் அந்தக் கதையை மேற்கோள் காட்ட வருவார். அவருக்கு வேண்டியது இதழின் பெயர், இதழ் எண், பக்க எண், வெளிவந்த மாதம். இவற்றில் ஒன்றுகூட ஓப்பன் கிராஃபின் அடிப்படை வரிகளில் இல்லை.

டப்ளின் கோர் என்ற மீத்தரவு முறை 1995-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டப்ளின் நகரில் நடந்த ஒரு பட்டறையில் உருவானது (அயர்லாந்தின் டப்ளின் என்று எண்ணுவோர் பலர்). தலைப்பு, படைப்பாளர், பொருள், வெளியிட்டவர், நாள், மொழி, உரிமை என்று பதினைந்து கூறுகள். ‘டிசி’ என்ற முன்னொட்டோடு மெட்டா வரிகளாகவே எழுதலாம். இதன் குறை, இதழ் எண்ணுக்கும் பக்க எண்ணுக்கும் தெளிவான இடம் இல்லாததுதான். அதனாலேயே கூகுள் ஸ்காலர் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, ‘சைட்டேஷன்’ என்று தொடங்கும் மெட்டா வரிகளை விரும்புகிறது: சைட்டேஷன் டைட்டில், சைட்டேஷன் ஆதர், சைட்டேஷன் ஜர்னல் டைட்டில், சைட்டேஷன் இஷ்யூ, சைட்டேஷன் ஃபர்ஸ்ட் பேஜ், சைட்டேஷன் பப்ளிகேஷன் டேட். இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் ஆதர் வரியை இரண்டு முறை எழுத வேண்டும். ஒரே வரியில் காற்புள்ளியிட்டு அடுக்கக் கூடாது. சோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள் இந்த வரிகளைப் பக்கத்திலிருந்து எடுத்து, நூற்பட்டியல் குறிப்பாகச் சேமித்துக் கொடுக்கும். கட்டுரைப் பக்கங்களுக்காவது இவற்றை எழுதுங்கள்.

ஜேசன்-எல்டி என்ற தரவு வடிவில் ஸ்கீமா.ஆர்க் சொற்களைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. கூகுள், பிங், யாஹூ மூன்றும் 2011 ஜூனில் சேர்ந்து தொடங்கிய சொல்தொகுதி அது. ஒரு ஸ்க்ரிப்ட் குறிச்சொல்லுக்குள் தனித்துண்டாக எழுதுவதால் மற்ற வரிகளோடு சிக்கல் வராது. கதையை ‘ஷார்ட் ஸ்டோரி’ என்றும், அது அடங்கிய இதழை ‘பப்ளிகேஷன் இஷ்யூ’ என்றும், அந்த இதழ் அடங்கிய வெளியீட்டை ‘பீரியாடிக்கல்’ என்றும் குறித்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். சிற்றிதழ்களில் எந்நேரமும் வரும் புனைபெயர்ச் சிக்கலுக்கும் இங்கே விடை உண்டு: ஆசிரியர் என்ற கூறுக்குள் இதழில் அச்சான பெயரை நேம் என்ற இடத்தில் வைத்து, இயற்பெயரை ‘ஆல்டர்நேட் நேம்’ என்ற இடத்தில் எழுதிவிடலாம்.

நாள் எழுதும்போது கவனம் வேண்டும். ‘சித்திரை–வைகாசி இதழ்’ என்பதை இயந்திரம் படிக்காது. 1978-04 என்று ஆண்டும் மாதமும் எண்ணில் எழுத வேண்டும். தமிழ் மாதப் பெயரைப் பக்கத்தின் உடலில் கட்டாயம் வைத்திருங்கள், ஏனென்றால் அட்டையில் அச்சானது அதுதான். பக்கத்தை இணையத்தில் ஏற்றிய நாளை வெளியீட்டு நாளாகப் போடுவதைப் பல காப்பகங்களில் காண்கிறேன். நாற்பது ஆண்டுக்கு முந்திய கதை சென்ற மாதம் எழுதியதாகத் தேடலில் தெரிகிறது.

இதழடுக்கு:

மூவருக்கும் மிக்க நன்றி. எண்ணிக்கைப் படத்தை உடலின் அடிக்குக் கொண்டுபோய், சார்செட்டை மேலே ஏற்றியதும் மாதிரிப் பக்கமொன்றில் முன்னோட்டம் வந்துவிட்டது. எழுத்து குலைந்திருந்த மிகப் பழைய பக்கங்கள் டிஸ்கியில் இருப்பவைதான், மாற்றத் தொடங்கியிருக்கிறோம்.

இன்னும் மூன்று ஐயங்கள். எங்கள் கோப்புகளின் பெயர்கள் தமிழிலேயே உள்ளன. கெனானிகல் வரியில் அந்த முகவரியைத் தமிழாகவே எழுதலாமா, அல்லது விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த வடிவில் எழுத வேண்டுமா? எச்டிஎம்எல் தொடக்கக் குறிச்சொல்லில் லாங் என்ற பண்புக்கூறு எல்லாப் பக்கத்திலும் ஆங்கிலம் என்றிருக்கிறது; இதை மாற்றுவதால் பயன் உண்டா? எழுத்தாளர் குடும்பத்தார் சிலர், இசைவு கிடைக்கும் வரை தங்கள் பக்கங்கள் தேடலில் வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோப்புறையை ரோபாட்ஸ் கோப்பில் தடுத்ததோடு, பக்கங்களில் நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே) வரியும் சேர்த்தோம். ஆயினும் முகவரிகள் தேடலில் தெரிகின்றன.

ஒலிவாசகன்:

லாங் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் இணையத்தைத் திரைபடிப்பான் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) வழியாகவே படிக்கிறேன். மாற்றுவதால் பயன் உண்டு, அதுவும் உடனடியாக. லாங் ஆங்கிலம் என்றிருந்தால், மொழிக்கேற்பக் குரலை மாற்றும்படி அமைத்துள்ள திரைபடிப்பான் தமிழ் உரைக்கும் ஆங்கிலக் குரலைத் தேர்ந்தெடுத்துவிடும். அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டால் ஒன்று வாய் மூடிக்கொள்ளும், இல்லையென்றால் எழுத்து எழுத்தாக ஏதோ ஒப்பிக்கும். நான் கையால் குரலை மாற்ற வேண்டும். அடுத்த தளத்துக்குப் போனதும் திரும்ப மாற்ற வேண்டும்.

தமிழுக்குக் குறி ‘டி-ஏ’ என்ற ஈரெழுத்து. இலங்கைத் தமிழ், இந்தியத் தமிழ் என்று நாட்டுக் குறி சேர்த்துப் பிரிக்கலாம்; உங்களுக்கு அது தேவைப்படாது. கதைக்கு நடுவே ஆங்கிலப் பத்தியொன்று வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் தனியாக லாங் கொடுங்கள். ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் கொடுத்தால் குரல் தாவித் தாவிக் கேட்கச் சகிக்காது. தேடுபொறிக்காக இதைச் செய்ய வேண்டியதில்லை. பக்கத்தின் மொழியை அதில் தெரியும் உரையைக் கொண்டே தீர்மானிப்பதாகவும், லாங் பண்புக்கூறைப் பார்ப்பதில்லை என்றும் கூகுளே சொல்கிறது.

டைட்டில் பற்றி மேலே சொன்னதற்கு ஒரு கூடுதல் காரணம்: பக்கம் திறந்ததும் திரைபடிப்பான் முதலில் வாசிப்பது அதைத்தான். ஐந்து தத்தல்களில் ஐந்து கதைகளைத் திறந்து வைத்தால், எனக்கு ஐந்து முறையும் உங்கள் தளத்தின் பெயர் மட்டுமே கேட்கிறது.

நிரற்கோல்:

முகவரிக்கு வருகிறேன். இரண்டும் ஒரே முகவரிதான். ஆனால் கெனானிகலில் விழுக்காட்டு வடிவையே எழுதுங்கள் என்பேன். வழங்கிக்கு உலாவி உண்மையில் அனுப்புவது அதைத்தான், எந்தக் கருவியும் அதில் தடுமாறாது. நீளம்தான் அதன் தொல்லை: ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும், ‘தமிழ்’ மட்டுமே நாற்பத்தைந்து. பின்னாளில் வேர்ட்பிரஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். அதன் தரவுத்தளத்தில் பதிவின் முகவரித் துண்டுக்கு 200 எழுத்து இடம் மட்டுமே உண்டு. ஏறத்தாழ இருபத்திரண்டு தமிழ்க் குறியீட்டோடு பெயர் அறுந்துவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ‘கொ’ என்பதில் ககரத்துக்குப் பின் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. வழங்கிக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. ஆட்கள் பலர் பல விசைப்பலகைகளில் தட்டிய தளம் என்பதால் உங்களிடம் இந்தக் கலப்பு இருக்க வாய்ப்பு மிகுதி. எல்லாக் கோப்புப் பெயர்களையும், அவற்றைச் சுட்டும் சுட்டிகளையும், கெனானிகல், ஓஜி யூஆர்எல் வரிகளையும் என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றும் அதில் ஒற்றைக் குறியீடாகும். பைத்தானின் யூனிகோட்டேட்டா நூலகத்தில் இதற்கு ஒரே அழைப்பு போதும்.

நோஇண்டெக்ஸ் வேலை செய்யாததற்குக் காரணம், நீங்கள் இரண்டு பூட்டும் போட்டதுதான். ரோபாட்ஸ் கோப்பு, பக்கத்துக்குள் வராதே என்று தேடுபொறியின் நிரலுக்குச் சொல்கிறது. நோஇண்டெக்ஸ் வரி பக்கத்துக்குள் இருக்கிறது. உள்ளே வராத நிரல் அந்த வரியைப் படிக்க வழியே இல்லை. வேறு தளங்கள் அந்த முகவரியைச் சுட்டியிருந்தால், உள்ளடக்கம் தெரியாமலேயே முகவரியை மட்டும் பட்டியலில் சேர்த்துவிடும். ரோபாட்ஸ் கோப்பிலிருந்து தடையை எடுத்துவிட்டு, நோஇண்டெக்ஸ் வரியை மட்டும் வைத்திருங்கள். நிரல் மறுபடி வந்து படித்ததும் முகவரிகள் விலகும். அதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம், அவசரமென்றால் கூகுளின் சர்ச் கன்சோலில் தற்காலிகமாக நீக்கச் சொல்லிக் கேட்கலாம். ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் என்று எழுதும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 2019 செப்டம்பர் முதல் நாளிலிருந்து கூகுள் அதை ஏற்பதில்லை.

அந்தக் குடும்பத்தாரிடம் இரண்டைச் சொல்லிவிடுங்கள். நோஇண்டெக்ஸ் தேடலிலிருந்து மட்டுமே மறைக்கும். முகவரி தெரிந்த எவரும் பக்கத்தைத் திறக்கலாம், எல்லா நிரல்களும் அந்த வரியை மதிக்கும் என்ற உறுதியும் இல்லை. இசைவே இல்லாத கதையென்றால் கோப்பை வழங்கியிலிருந்து எடுப்பதுதான் முறை. அதே கதையின் வருடிய பக்கங்கள் பிடிஎஃப் கோப்பாகவும் தளத்தில் இருந்தால், அதற்குள் மெட்டா வரி எழுத இடமில்லை. எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் என்ற எச்டிடிபி தலைப்பை வழங்கியில் அந்தக் கோப்புறைக்கு அமைக்க வேண்டும்.